ஹாஜிரா பீயின் அரைப்படி

சுந்தரராமன் ராயப்பேட்டைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தார். மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றிய கட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மயிலாப்பூர் வரை நடந்தே வந்ததில் வேட்டியின் ஒரு பக்கம் தொப்பலாகிவிட்டது. நடையிலேயே தர்மாம்பாள் மறித்துக்கொண்டாள். எந்தத் தண்ணீரில் செய்ததோ, யார் கை பட்டதோ, அந்த வஸ்து தன் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது என்றாள். கணவர் வாதாடவில்லை. கட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பால்காரன் வாசலில் எருமையைக் கறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பால் நுரையும் சூடுமாக இருந்தது. மகள் விசாலாக்ஷி அதை உயரமான பித்தளைக் குவளையில் ஊற்றித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டாள். அவள் பெண்கள் கல்லூரி ஒன்றில் ரசாயன வகுப்பின் டெமான்ஸ்ட்ரேட்டர். தெர்மாமீட்டர் கல்லூரியுடையது, திங்கட்கிழமை திருப்பி வைத்துவிட வேண்டும்.

“தொண்ணூத்தெட்டு” என்றாள்.

தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிக்க வைத்திருந்த தன் லாக்டோமீட்டரைச் சுந்தரராமன் பாலில் இறக்கினார். அடியில் குண்டும் மேலே மெல்லிய கழுத்துமான கண்ணாடிக் குழாய். கழுத்துக்குள் கோடு போட்ட காகிதம். அது இரண்டு முறை முங்கி எழுந்து நின்றது. அவர் குனிந்து, கண்ணைப் பால் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். இருபத்தாறாம் கோடு.

குவளையைத் தொட்டித் தண்ணீரில் வைத்தார்கள். காத்திருந்தார்கள். எண்பது டிகிரிக்குப் பால் ஆறியதும் மறுபடி இறக்கினார். இருபத்தெட்டு. பிறகு ஐஸை உடைத்துத் தொட்டியில் போட்டார்கள். பாலைக் கலக்கிக்கொண்டே இருந்ததில் விசாலாக்ஷியின் விரல்கள் விறைத்துவிட்டன.

“காப்பிக்கு வழியில்லை. ஆத்துப் பாலை வெச்சுண்டு அப்பாவும் பொண்ணும் ஜலக்ரீடை பண்ணிண்டிருக்கேள்” என்றாள் தர்மாம்பாள், கொல்லைக் கதவிலிருந்து.

அறுபது டிகிரியில் குழாய் முப்பதாம் கோட்டில் நின்றது.

அதே பால். ஒரு சொட்டுக்கூட அதில் சேரவில்லை, அதிலிருந்து போகவுமில்லை. விசாலாக்ஷிக்கு மூன்று எண்களும் ஒரே சீராக ஏறியது சந்தோஷமாக இருந்தது. பத்து டிகிரிக்கு ஒரு கோடு வித்தியாசம் என்று மாணவிகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். சற்று நேரம் கழித்துத்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்போ அந்த ஹாஜிரா பீ தண்ணி கலக்கலை” என்றார் அவர்.

“கலக்கலைப்பா.”

அவர் குழாயைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பாலில்தான் அன்றைக்குக் காப்பி போட்டார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது.

சுந்தரராமன் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர். லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் நடத்திவந்த சிறிய நர்சிங் ஹோமில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தார். அரிசி படியில் வரும், விறகு மணங்கில் வரும், புளி வீசையில் வரும், காடாத் துணி கெஜத்தில் வரும், மருந்துச் சரக்கு அவுன்ஸில் வரும். எல்லாவற்றையும் அளந்து வாங்கி அளந்து கொடுப்பது அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு ருசியும் இருந்தது. குடையின் நீளம் இத்தனை அங்குலம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தலுக்குப் போனால் அதைக் குடையால் அளந்து பார்ப்பார். உறவுக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில்கூடக் கூடத்தை அளந்தவர் என்று தர்மாம்பாள் ஒரு கதை வைத்திருந்தாள். அதை அவர் மறுத்ததே இல்லை.

மனிதர்கள் சொல்வதில் விருப்பும் வெறுப்பும் கலந்திருக்கும், அளவில் அது கிடையாது என்பது அவர் கட்சி. விசாலாக்ஷி கல்யாணமான வருஷமே தாலி இழந்து திரும்பி வந்தபோது, உறவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்து மார்க்குகளை எடுத்துப் பார்த்தார். கணக்கில் இத்தனை, சயன்ஸில் இத்தனை. “இத்தனை வாங்கின கொழந்தையை மூலையில உக்கார வெக்கறது நஷ்டம்” என்று சொல்லி மறுபடி படிக்க அனுப்பினார். அதனால் எண்களின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையைக் குறை சொல்ல விசாலாக்ஷிக்கு வாய் வராது. அவள் வாழ்க்கை அதில்தான் நிமிர்ந்தது.

லாக்டோமீட்டரை டாக்டர்தான் வாங்கித் தந்தார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷ வாக்கில். சீமைச் சரக்கு. பாலில் இறக்கு, இருபத்தெட்டாம் கோட்டிலோ அதற்கு மேலான எண்ணிலோ நின்றால் வாங்கிக்கொள், எண் குறைந்தால் திருப்பி அனுப்பு. டாக்டர் சொன்னது அவ்வளவுதான். காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அறுபது என்றும் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. கம்பெனிக்காரன் போட்ட சரக்கு நம்பர் என்று சுந்தரராமன் நினைத்துக்கொண்டார். தினமும் கண்ணில் பட்டது. யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

நர்சிங் ஹோமுக்கு இரண்டு பேர் பால் ஊற்றினார்கள். ஒருவர் கபாலி. ஆதம்பாக்கத்தில் விடிவதற்கு முன்பே கறந்து, ஈரச்சாக்கு போர்த்திய பானைகளில் மாட்டு வண்டியேற்றிக் கொண்டுவருவார். வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். ஆனால் பால் குளிர்ந்திருக்கும். இன்னொருத்தி ஹாஜிரா பீ. மந்தைவெளியில் சந்துக்குள் அவள் கொட்டகை. இரண்டு எருமை. புருஷன் போன பிறகு அவள் அவற்றை வைத்துப் பிழைத்தாள். கறந்த கையோடு தூக்குப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அவள் பால் நர்சிங் ஹோம் பாத்திரத்தில் விழும்போதும் ஆவி பறக்கும்.

அவள் தன்னுடைய அரைப்படியைத்தான் கொண்டுவருவாள். விளிம்பு தடித்த பித்தளை அரைப்படி. முதல் வாரமே சுந்தரராமன் அதை முத்திரை போட்ட படியோடு தண்ணீர் ஊற்றி ஒத்துப் பார்த்துவிட்டார். சரியாக இருந்தது. நுரை அடங்கும்வரை நின்று, அடங்கிய இடத்தை மறுபடி நிரப்பித்தான் அவள் ஊற்றுவாள். அளவில் அத்தனை யோக்கியமாக இருப்பவள் பாலில் ஏன் ஏமாற்ற வேண்டும் என்று அவர் இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. அது வேறு பாத்திரம், இது வேறு கருவி.

கண்ணாடிக் குழாய் வந்த நாளிலிருந்து கபாலியின் பால் இருபத்தெட்டில் நின்றது. ஹாஜிரா பீயின் பால் இருபத்தாறில் நின்றது.

முதலில் எச்சரித்தார். அவள் அல்லா மேல் ஆணையிட்டாள். மறுநாளும் இருபத்தாறு. சமையல்காரர் அந்தப் பாலைக் காய்ச்சினால் ஏடு விரல் கனத்துக்குப் படிகிறது என்று சொன்னார். ஏடு சுந்தரராமனின் அளவில் இல்லாத விஷயம், கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பால் மட்டுமே ஆகாரமாக இருந்த நோயாளிகள் உள்ளே படுத்திருந்தார்கள். அவர்கள் பேரில்தான் அவர் பயம். அதையும் சொல்லவேண்டும்.

ஒரு நாள் காலையில் ஹாஜிரா பீ எருமையையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நர்சிங் ஹோமின் பின் முற்றத்தில் கட்டினாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டாள். நர்சிங் ஹோம் பாத்திரத்தையே கேட்டு வாங்கி, கவிழ்த்துக் காட்டிவிட்டு, அவர் கண் முன்னால் கறந்தாள். ஆயாக்களும் வார்டுபாய்களும் சுற்றி நின்றார்கள். சுந்தரராமன் குழாயை இறக்கினார்.

இருபத்தாறு.

“எருமையே தண்ணி கலக்குது, பீபி இன்னா பண்ணும் பாவம்” என்றான் ஒரு வார்டுபாய். முற்றம் முழுக்கச் சிரித்தது. எருமையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த ஹாஜிரா பீ மட்டும் சிரிக்கவில்லை.

“சாமி, அந்தக் கண்ணாடிக் குச்சி இன்னாத்த அளக்குது?” என்று கேட்டாள்.

“பால்ல எத்தனை தண்ணின்னு அளக்கறது.”

“உன் கண்ணு முன்னாடிதான கறந்தேன். நான் ஊத்தாத தண்ணி எப்டி அதுக்குள்ள வந்துகீது?”

சுந்தரராமன் தனக்குத் தெரியாததை மறைக்க, எருமைக்குத் தீனி போதவில்லை போலிருக்கிறது, பால் நீர்த்துப் போயிருக்கிறது என்று சொன்னார். உன் பேரில் தப்பில்லை, ஆனால் இந்தப் பால் இங்கே ஆகாது என்றார். தான் நியாயமாகப் பேசியதாகவே அவருக்குப் பட்டது. ஹாஜிரா பீ பாலைப் பாத்திரத்தோடு விட்டுவிட்டு, எருமையை அவிழ்த்துக்கொண்டு போனாள். அரைப்படி ஸ்டோர் ரூம் படிக்கட்டில் கிடந்தது. எடுக்க வருவாள் என்று உள்ளே எடுத்து வைத்தார். அவள் வரவில்லை.

வார்டுபாயின் பேச்சு மந்தைவெளிக்கு அவளைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணி பீபி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வீடாக அவளிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. ஓர் எருமையை விற்றுவிட்டாள் என்று காதில் விழுந்தபோது சுந்தரராமன் சாப்பாட்டு வேளையில் வீட்டில் அதைச் சொன்னார். “பாவம்தான். ஆனா அளவு பொய் சொல்லாதே” என்றார். விசாலாக்ஷி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மோருக்குக் கை நீட்டிய ஞாபகம்தான் அவளுக்கு இருக்கிறது.

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது புது லாக்டோமீட்டர் வந்திருந்தது. பழையதை டாக்டர் அவருக்கே கொடுத்துவிட்டார். யாரும் கேட்டு வராத அரைப்படியையும் அவர் கூடவே எடுத்து வந்தார். குழாய் அலமாரியில் கிடந்தது. முப்பத்தாறாம் வருஷம் தை மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது விசாலாக்ஷி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கல்லூரியில் அதே வாரம் மாணவிகளுக்கு ஹைட்ரோமீட்டர் பாடம் நடந்துகொண்டிருந்தது.

“அறுபது டிகிரி பாரன்ஹீட். நம்ம ஊர்ல இதுக்குத் திருத்தம் போடணுமே. எந்த உஷ்ணத்துல பாத்தேள்?” என்று கேட்டாள்.

“உஷ்ணமா?” என்றார் சுந்தரராமன்.

அவள் விளக்கினாள். இந்தக் கருவி தண்ணீரை அளப்பதில்லை. பால் எவ்வளவு கனம் என்று மட்டும் அளக்கிறது. சூடானால் எதுவும் லேசாகும், குழாய் அதிகம் முங்கும். தண்ணீர் சேர்ந்தாலும் லேசாகும், அப்போதும் முங்கும். எந்தக் காரணத்தால் முங்கிற்று என்று அதற்குத் தெரியாது. அறுபது டிகிரியில் பார்த்தால்தான் அந்தக் கோடுகளுக்கு அர்த்தம் உண்டு. பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கக்கூடிய விளக்கம். சொல்லி முடித்துவிட்டு அலமாரியைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர், கல்லூரியிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அறுபது வரைக்கும் இறக்க ஐஸ் வேண்டுமே என்றாள். ஐஸ் தன் பொறுப்பு என்றார். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு. எருமையை முற்றத்தில் கட்டிக் கறந்ததையும் அவர் தன் கண்ணால்தான் பார்த்திருந்தார். அப்போது கண்ணை நம்பவில்லை.

கிணற்றடிச் சோதனை முடிந்த மறுநாளே மந்தைவெளிக்குப் போனார். அரைப்படியைப் புளி போட்டுத் தேய்த்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன் பாலில் தண்ணீர் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதுவும் தனியாகச் சொல்லக்கூடாது, நாலு பேர் கேட்கச் சந்தில் நின்று சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். நாலு பேர் முன்னால் நடந்த காரியம் அது.

கொட்டகை இருந்த இடத்தில் விறகுத் தொட்டி இருந்தது. எதிர்வீட்டில் விசாரித்தார். கதவுப் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அமீனா பீ என்று பிற்பாடு தெரிந்துகொண்டார்.

“யாரு, தண்ணி பீபியா? மாடெல்லாம் பூடுச்சு. மக வூட்டோட ஆதம்பாக்கத்துல கீது. கண்ணு செரியா தெரியல அதுக்கு. நீங்க யாரு சாமி?”

அந்தப் பெயரை அவள் கேலியாகச் சொல்லவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகியிருந்தது. நீங்கள் யார் என்பதற்கு என்ன சொல்வதென்று சுந்தரராமனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் என்று சொல்லிவிட்டு, ஆதம்பாக்கத்தில் வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினார். நாலு பேர் கேட்க ஒன்றும் சொல்லவில்லை. அரைப்படி பையிலேயே இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. வடித்த சாதத்தைப் பிசைந்து பிசைந்து வைத்தார். பிறகு மகளிடம் மட்டும் சொன்னார்.

“எருமை ரெண்டும் போயிடுத்து, விசாலம். பேர் மட்டும் போகலை.”

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று விசாலாக்ஷிக்கு இப்போது ஏதேதோ தோன்றுகிறது. அன்றைக்கு, டாக்டரே சொல்லித் தராததற்கு நீங்கள் என்ன பண்ணுவீர்கள் என்றாள். நியாயமான பதில். அவருக்கு அது உதவவில்லை. டாக்டர் சொன்னது இருபத்தெட்டு என்ற நம்பர்தான், என்னத்தை அளக்கிறது என்று கேட்டது ஹாஜிரா பீ ஒருத்திதான், அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால் நானும் யாரையாவது கேட்டிருப்பேன் என்றார்.

ஆதம்பாக்கத்துக்குத் தன்னோடு மகளும் வரவேண்டும் என்று கேட்டார். மாம்பலத்தில் ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினால் நடந்துவிடலாம். தெர்மாமீட்டரையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே பால் வாங்கி, சூட்டில் ஒரு தடவை ஆற வைத்து ஒரு தடவை காட்ட வேண்டும். வெறுமனே வாயால் சொன்னால் கிழவன் சமாதானம் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைப்பாள்.

“அவளுக்குக் கண்ணு தெரியலைன்னேளே.”

“பக்கத்துல இருக்கறவாளுக்குத் தெரியும். நீ கோட்டை உரக்கப் படி. அவ கேக்கட்டும்.”

கல்லூரியில் செய்முறைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கரைசல்கள் தயார் செய்யவேண்டும், ப்யூரெட் என்ற அளவுக் குழாய்கள் பாதிக்கு மேல் ஒழுகின. பரீட்சை முடிந்ததும் போகலாம் என்றாள் விசாலாக்ஷி. அவர் சரி என்றார். இடையில் தான் மட்டும் போகட்டுமா என்று ஒரு முறை கேட்டார். வெயிலில் அலைய வேண்டாம், சேர்ந்தே போகலாம் என்று அவள்தான் தடுத்தாள். தெர்மாமீட்டரை மட்டும் கல்லூரியில் சொல்லிவிட்டு அதுவரை வீட்டில் விட்டுவைக்கச் சொன்னார். அவளும் விட்டுவைத்தாள்.

பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பல் தேய்த்துவிட்டு வந்தவர் மார்பு என்னவோ செய்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வந்தார். அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. விசாலாக்ஷிக்குக் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகு, கூடத்துச் சுவரில் எறும்பு சாரை போவதை அவள் கவனித்தாள். சட்டை மாட்டும் ஆணிவரைக்கும் ஏறிற்று. அங்கே அப்பாவின் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தாள். பித்தளை அரைப்படி, தேய்த்த பளபளப்பு இன்னும் மங்காமல் இருந்தது. அதற்குள் கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி லாக்டோமீட்டரும் தெர்மாமீட்டரும் செருகியிருந்தன. ஒன்றோடொன்று மோதாமலிருக்க நடுவில் பஞ்சு. பக்கத்தில் ஒரு கல்கண்டுப் பொட்டலம். வெறும் கையோடு போகக்கூடாது என்று வாங்கியிருப்பார். எறும்பு வந்தது அதற்குத்தான்.

கல்கண்டைக் கொல்லையில் கொட்டினாள். பையை உதறித் துடைத்து, மற்றவற்றை இருந்தபடியே உள்ளே வைத்து, அதே ஆணியில் மாட்டினாள். கல்லூரியில் தெர்மாமீட்டர் கேட்டபோது இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள். ஆதம்பாக்கத்தில் எந்தத் தெரு என்று அப்பா சொல்லியிருக்கவில்லை. மந்தைவெளியில் அந்தப் படுதாவுக்கு முன்னால் போய் நின்று கேட்டால் தெரிந்துவிடும். நீங்கள் யார் என்று அங்கே கேட்பார்கள்.

தர்மாம்பாள் வெளியே வருவதில்லை. காய்கறிக்கு விசாலாக்ஷிதான் போக வேண்டும். ஒரு சாயங்காலம் அவள் கிளம்பும்போது உள்ளேயிருந்து தர்மாம்பாளின் குரல் வந்தது.

“ஆணியில அப்பாவோட பை சும்மாத்தானே தொங்கறது, அதை எடுத்துக்கோயேன்.”

“அது சும்மா இல்லம்மா” என்றாள் விசாலாக்ஷி. வேறு பை தேடி எடுத்துக்கொண்டு போனாள்.